ஐஸ் கம்பெனி ஸ்வெட்டர்

நகராட்சி மலருக்கு
நாகப்பட்டினத்தின் வரலாறு கேட்டு வந்தவரிடம்
எனக்கு ஆல்ட்ரேஷன்தான் தெரியும் என்றேன்.
அதையே எழுதுங்கள் என்றார்.

எழுதுகிறேன்.

தறியில் இருக்கிறவரை இங்கே அதற்குப் பெயர் துணி.
கப்பலேறினால் சரக்கு.
சீவரம் உடுத்திய பிக்குகள் இறங்கிய துறையில்
பிறகொரு நாள்
டச்சுக்காரன் அளவுகோலோடு நின்றான்.
நம் முழம் ஆளுக்கு ஆள் நீளும், சுருங்கும்.
அவன் கோல் அசையாது.
சண்டை அங்கேதான் தொடங்கியிருக்கும்.
என் கடை வாசலில் இன்றும் அதே சண்டை.

ரயில் பட்டறை பொன்மலைக்குப் போன வருஷம்
நீலக் கால்சட்டைகள் குடும்பத்தோடு வண்டியேறின.
சலவைக்குப் போட்டு வாங்காமல் போனவற்றை
மூன்று மாதம் வைத்திருந்து பார்த்துவிட்டு
வண்டிமாட்டுக்கு முதுகுவிரிப்பாக்கினார்களாம்.
கிரீஸ் கறை பட்ட இடம் மட்டும்
கடைசிவரை கிழியவில்லை.

பினாங்குக் கப்பல் ஓடிய காலத்தில்
போகும்போது வெள்ளை வேட்டி,
வரும்போது கட்டம்போட்ட கைலி.
நாகூர் ஹபீப் லெப்பை
சுங்கத்துக்குப் பயந்து
ஏழு கைலியை ஒன்றன்மேல் ஒன்றாக உடுத்தி
ஏணியில் இறங்கினார்.
சுங்கம் விட்டுவிட்டது.
இப்படி வேர்க்கிறதே, காய்ச்சலோ என்று
டாக்டர் பிடித்து வைத்துக்கொண்டார்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை.
அதைப் பற்றி எழுத மாட்டேன்.
மூன்றாம் நாள் வந்த லாரிகளைப் பற்றி எழுதுகிறேன்.

நாடே அலமாரியைத் திறந்து கொட்டியிருந்தது.
பட்டன் உதிர்ந்த சட்டை, ஜிப் செத்த பேன்ட்,
எந்தப் பள்ளியுடையதோ ஒரு டை,
மாப்பிள்ளைக் கோட்டு ஒன்று,
அதன் பையில் மொய்க்கவர், காலி.
அக்கரைப்பேட்டைச் சாலையோரம் முழங்கால் உயரத்துக்கு.
ஆடுகள் ஏறிப் படுத்தன.
மனுஷர் யாரும் குனியவில்லை.
அஞ்சலாட்சி மட்டும் ஒரு புடவையைக்
கால்விரலால் புரட்டிப் பார்த்து
"இத கட்டிக்கிட்டு எந்த வூட்டுக்குப் போறது?" என்றாள்.

தரம்பிரிக்க ஆள் எடுத்தார்கள்.
நாள்கூலி. பதினோரு பெண்கள்.
ஆண், பெண், குழந்தை, உதவாது
என்று நாலு குவியல்.
நாலாவது முதல் நாளே ஜன்னலை மறைத்தது.
அதில் பாதி ஸ்வெட்டர்.
மார்கழியிலும் விசிறி தேடுகிற ஊருக்கு
கையால் பின்னிய ஸ்வெட்டர்.
கடல் பக்கம், பாவம், குளிருமே என்று
எந்த ஊர் அம்மாளோ அனுப்பியிருக்கிறாள்.
சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தேன்.
மூக்கில் கட்டியிருந்த துணி உள்ளே போனது.

கணக்கில் 'உதவாது' என்று எழுதிவிட்டு
நாற்பதை மட்டும் ஒதுக்கி வைத்தேன்.
ஏன் என்று அப்போது தெரியாது.

படகுகள் மறுபடி இறங்கியபோது
ஐஸும் மறுபடி உறைய வேண்டியிருந்தது.
நாற்பதையும் மீன்பாடி வண்டியில் ஏற்றி
துறைமுகத்துப் பக்கம் கொண்டுபோனேன்.
பாளம் இழுக்கிறவர்கள் அதுவரை
சாக்கைப் போர்த்திக்கொண்டு இழுத்தவர்கள்.
சிவப்பில் வெள்ளை மான் பாய்கிற ஸ்வெட்டரை
மாட்டிக்கொண்டு வந்து நின்றார் பக்கிரிசாமி.
கை, விரலைத் தாண்டித் தொங்கியது.
வெட்டிக் குறைச்சிடு என்றார்.
பின்னல் துணியை வெட்டினால்
தோள்வரை பிரிந்துகொண்டே போகும்.
உள்ளே மடித்துத் தைத்துக் கொடுத்தேன்,
ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து.

கூலி எவ்வளவு என்றார்.
கிழங்கான் அரைக்கிலோ என்றேன்.

திரும்பிப் பார்த்தார்.
ஊரில் யாரும் மீன் தின்னாத
நான்காவது மாதம் அது.